தெரிந்தும் தெரியாததுபோல்

மார்கோ கேனடே பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர். அவருடைய முதல் நூல் ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டேட்’ 2009இல் வந்தது. இரண்டாவதான ‘குயர் கரியர்’ 2023இல். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தேன். பாலியல்பு அந்தரங்க விஷயம் என்று நம்புகிறவர்கள் முதல் நூலிலிருந்து தொடங்கலாம்.

குடிவரவு, இராணுவம், நலத்திட்டம் ஆகிய மூன்றிலும் அமெரிக்க அரசு தன்பாலீர்ப்பாளரை ஒடுக்கியதோடு நிற்கவில்லை, அப்படியொரு வகையினத்தையே சட்டத்தில் உருவாக்கியது என்கிறார் கேனடே. 1944ஆம் ஆண்டின் ஜி.ஐ. சட்டம் போர்வீரர்களுக்குக் கல்லூரிச் செலவும் வீட்டுக்கடன் உத்தரவாதமும் தந்தது. தன்பாலீர்ப்பாளர் எனச் சொல்லி ‘நீலத்தாள்’ கொடுத்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு அவை மறுக்கப்பட்டன. ஒழுக்கம் பற்றிய தீர்ப்பு, வீடும் படிப்பும் யாருக்கு என்கிற தீர்ப்பாயிற்று.

படைப்பெண்களைப் பற்றிய பகுதி என்னை அதிகம் தொந்தரவு செய்தது. 1948இல் பெண்கள் நிரந்தரப் படையில் சேர்க்கப்பட்டார்கள், கண்காணிப்பும் இறுகியது. என்ன செய்தாள் என்பதற்கு ஆதாரம் தேவைப்படவில்லை, யாரோடு பழகினாள் என்பதே போதுமானதாக இருந்தது. பெண்களின் நட்பே சாட்சியமானது.

முதல் நூலில் அதிகாரிகளின் கோப்புகளே அதிகம் பேசுகின்றன. இரண்டாவதில் வேலை செய்தவர்களே பேசுகிறார்கள். 1953இல் ஐசனோவர் பிறப்பித்த 10450ஆம் எண் ஆணை மத்திய அரசுப் பணியிலிருந்து இவர்களை விரட்ட வழிசெய்தது. தனியார் துறையில் நடந்தது வேறு. பல முதலாளிகளுக்கு விஷயம் தெரியும். வாய்திறக்காதவரை வேலை உண்டு. பதிலுக்குக் குறைந்த சம்பளத்தையும் நிச்சயமின்மையையும் சகித்துக்கொள்ள வேண்டும். கேனடே இதைப் பேரம் என்கிறார்.

இந்தச் சொல்லோடுதான் எனக்குப் பிணக்கு. அவர்களை வெறும் பலியாட்களாக்காத சொல் என்பது உண்மை. ஆனால் பேரத்தில் படியவில்லை என்றால் எழுந்துபோக முடிய வேண்டும். 2020இல் பாஸ்டாக் வழக்கின் தீர்ப்பு வரும்வரை நாடு தழுவிய சட்டப் பாதுகாப்பு உறுதிப்படவில்லை. பெண்ணின் சம்பளம் கணவன் வருமானத்துக்கு மேல்வரும்படி என்று கணக்கிட்ட சந்தையில், கணவனே இல்லாத பெண் எங்கே எழுந்துபோவாள்?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையான சான்றுகளையும் கேனடேதான் சேர்த்துத் தந்திருக்கிறார். அலுவலக மௌனத்தால் லாபம் யாருக்கு என்று அவர் கணக்குப் பார்த்திருக்கிறார். மௌனத்தைக் கண்ணியம் என்று கேட்டே வளர்ந்த நாம் இந்தக் கணக்கை வாசிக்க வேண்டும்.