ரப்பர் வளையத்தின் விலை

அந்தமானில் பழைய ஃபிலிம் கேமராவின் மதிப்பைக் குறைப்பது வயதல்ல, ஈரக்காற்று. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் தீவுகளில், தோல் உறையோடு பீரோவில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை சிலந்தி வலைபோலப் படர்ந்துவிடும். கண்ணாடியின் பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்துப் பயனில்லை. விவரம் தெரிந்தவர்கள் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள்.

இந்தத் தீவுகளின் கடலுக்கு ஏற்ற கேமரா நிக்கோனோஸ். அந்தமான் கடலடியைப் படமாக்கிய கடலாய்வாளர் ஜாக் குஸ்தோவின் யோசனையில் பிறந்த கலிப்ஸோ கேமராதான் அதற்கு மூலம். அதை 1963இல் நிக்கான் தன் பெயரில் வெளியிட்டது. 2001இல் உற்பத்தி நின்றது. தனிக் கவசம் எதுவும் இல்லாமல் நேரே நீருக்குள் இறங்கும். உப்புநீரைத் தடுப்பவை சில ரப்பர் வளையங்கள் மட்டுமே.

வாங்குமுன் அவற்றைத்தான் பார்க்க வேண்டும். வளையம் வெடித்திருந்தாலோ, 1984இல் வந்த ஐந்தாம் மாடலின் பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு தெரிந்தாலோ கவனம் தேவை. 35 மி.மீ. லென்ஸ் கரையிலும் உழைக்கும், 15 மி.மீ. லென்ஸ் நீருக்குள் மட்டுமே தெளிவாகக் காட்டும்.

ஒவ்வொரு முறையும் நன்னீரில் அலசி, வளையத்தைக் கழற்றி கிரீஸ் தடவிய முந்தைய உரிமையாளரின் பொறுமைக்கே நாம் பணம் தருகிறோம். அப்படியொன்று கிடைத்தால் அலமாரியில் வைக்காதீர்கள். வளையங்களை மாற்றி, ஃபிலிம் போட்டு, ஹேவ்லாக் தீவுக் கடலில் இறக்குங்கள்.