சாட்சி சொல்லாக் குருகு

குறுந்தொகையின் 25ஆம் பாடல் ஐந்தே அடிகளால் ஆயது, பாடியவர் கபிலர். மணம் நீட்டிக்கும் தலைவனை எண்ணிக் கலங்கிய தலைவி தோழியிடம் கூறுவது. களவில் கூடிய பொழுதில் அருகே மாந்தர் எவரும் இலர். அவனே மறுத்தால் தான் செய்யக்கூடியது யாது என்கிறாள். அதன் பின்னரே நினைவு வருகிறது: ஓடும் நீரில் ஆரல் மீனை நோக்கியபடி ஒரு குருகு நின்றது.

நான்காம் அடி மட்டும் முச்சீர். ஈற்றயலடி அவ்வாறு குறைவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணமே. ஆயினும் அக்குறைவு இங்கே மீனுக்காகக் காத்து நிற்கும் பறவையின்மேல் விழுகின்றது. கபிலர் கருதியே செய்தாரா என வினவுவார்க்கு விடையிறுக்க இயலாது. உரக்கப் படிப்பவர் அவ்விடத்தில் சிறிது நின்றே செல்வர்.

பாடலில் உவமை ஒன்றே. குருகின் மெல்லிய பசுங்காலுக்குத் தினையின் தாள் ஒப்பாகிறது. மலையோ புனமோ பெயர் சொல்லப்படவில்லை. நீர்நிலைப் பறவையின் காலிலேயே குறிஞ்சி நிலத்தின் பயிரை வைத்துவிட்டார் புலவர்!

இனி, குருகு என்னும் பெயரை அடுத்த உம்மையை நோக்குக. 'இல்லை' எனத் தொடங்கியவள் 'உண்டு' என்கிறாள். ஆனால் உள்ளது வாய் பேசாப் பறவை. இருந்தும் இல்லாததற்கு ஒப்பான அச்சான்றை அவள் எண்ணிச் சேர்க்கும் இரங்கத்தக்க நிலை முழுதும் அந்த ஓர் இடைச்சொல்லில் அடங்கியுள்ளது. ஏ. கே. இராமானுசன் 1967இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுப்பில் இப்பாடல் உண்டு. வெளிமாநிலங்களில் தமிழெழுத்து அறியாது வளரும் நம் பிள்ளைகட்கு அதன்வழிக் காட்சி கிடைக்கும். உம்மையை நாம்தாம் எடுத்துச் சொல்லவேண்டும்.

இரைமேல் கண்வைத்த குருகைத் தலைவனுக்கே குறியீடாகக் கொள்வாரும் உளர். பொருந்தாதென்று தள்ளுவதற்கில்லை. எனினும் என் மனம் அதில் முழுதும் அமையவில்லை. குருகு நீரையன்றோ பார்த்திருந்தது? அது அவர்களைக் கண்டிராது என்பதே அவள் அச்சம். குறியீடாக மாற்றியவுடன் அந்த அச்சம் மெலிந்துவிடுகிறது.

பாடலின் இறுதிச் சொல் கூடிய நாளைச் சுட்டும் 'ஞான்று'. கள்வனையும் அவன் பொய்யையும் முதலிலேயே சொல்லிவிட்டவள், குருகின் காலையும் அது நோக்கிய மீனையும் சொல்லி முடித்த பின்னரே அந்த நாளை வாய்விட்டுச் சொல்கிறாள்.