உளவும் பொறுப்புக்கூறலும்: சேர்ச் குழு அறிக்கை பற்றிய ஒரு மறுநோக்கு

அரசின் இரகசியக் கண்காணிப்பைச் சட்டத்தின் வரம்புக்குட்படுத்த முனைந்த முயற்சிகளுள், ஐக்கிய அமெரிக்கச் செனற் சபையின் சேர்ச் குழு 1976இல் வெளியிட்ட அறிக்கைக்குத் தனியிடம் உண்டு. மார்ட்டின் லூதர் கிங்கை இழிவுபடுத்த எப்.பி.ஐ. மேற்கொண்ட முயற்சிகளையும், 1945 முதல் 1975 வரை மூன்று கம்பனிகளிடமிருந்து சர்வதேசத் தந்திகள் இரகசியமாகப் பெறப்பட்டமையையும் அக்குழு ஆவணங்கொண்டு நிறுவியது. அதன் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று.

எனினும், அவ்வறிக்கை பரிகாரத்தை எங்கே தேடிற்று என்பது ஆராயப்பட வேண்டியதாகும். மிகையான இரகசியத்தை அது கண்டித்ததே. ஆயின், அதன்பின் எழுந்த மேற்பார்வை நிறுவனங்கள் அவ்விரகசியத்தின் உள்ளேயே வைக்கப்பட்டன. செனற் சபையின் நிரந்தரப் புலனாய்வுக் குழு 1976இல் அமைந்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் தோற்றுவித்த விசேட நீதிமன்றமோ, மூடிய கதவுகளுக்குள் வழமையாக அரசுத் தரப்பை மட்டுமே கேட்டு ஆணை வழங்குவதாயிற்று.

இவ்வமைப்பின் உள்முரண் 2013இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரியில், கண்காணிக்கப்படலாம் என்ற அச்சம் மட்டும் வழக்காடும் உரிமையைத் தராது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ச்சில், கோடிக்கணக்கான அமெரிக்கர் பற்றிய தரவுகள் திரட்டப்படுகின்றனவா எனச் செனற்றர் வைடன் வினவியபோது, தேசியப் புலனாய்வுப் பணிப்பாளர் கிளாப்பர் இல்லையென்றார். புலனாய்வுக் குழு உறுப்பினர் என்ற வகையில் உண்மையை அறிந்திருந்த செனற்றரும், இரகசியக்காப்பு விதிகளாற் கட்டுண்டு, அதனை மக்களுக்குக் கூற இயலாதவரானார். மேற்பார்வையாளனையே இரகசியத்தின் பங்காளியாக்கும் ஏற்பாடு இது.

யூனில் சினோடன் வழி வெளியான ஆவணங்களே நிலைமையை மாற்றின. தொலைபேசித் தொடர்பு விபரங்களைத் திரட்டும் திட்டத்துக்கு எதிரான வழக்கில், வாதிகளின் விபரங்களும் திரட்டப்பட்டமைக்கு அவ்வாவணங்களே சான்றாயின. அத்திட்டம் சட்டத்தால் அனுமதிக்கப்படாதது என 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

சேர்ச் குழுவின் பிறப்பும் இவ்வாறானதே என்பது மனங்கொள்ளத்தக்கது. 1971இல் பிரசைகள் சிலர் எப்.பி.ஐ. கிளை அலுவலகமொன்றிலிருந்து எடுத்து வெளிப்படுத்திய கோவைகளும், 1974இல் நியூயோர்க் ரைம்ஸ் வெளியிட்ட செய்தியும் இன்றி 1975இல் அக்குழு அமைந்திருக்குமா என்பது ஐயமே. மேற்பார்வை நிறுவனம் உண்டா என்பதோடு எமது வினா முடிந்துவிடலாகாது. நோக்கப்படும் பிரசை அதனை அறியவும், அறிந்து வினவவும் வழியுண்டா என்பதே பொறுப்புக்கூறலின் உரைகல்லாகும்.