நிறுத்தி வைக்காத பள்ளி: எட்டாம் வகுப்பு வரையிலான தேர்ச்சி நடைமுறை குறித்து ஒரு திறனாய்வு

2009-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, பள்ளியில் சேர்க்கப்பட்ட எந்தக் குழந்தையையும் தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை, எந்த வகுப்பிலும் நிறுத்தி வைக்கவோ பள்ளியிலிருந்து நீக்கவோ கூடாது என்று விதித்தது. மக்கள் வழக்கில் ‘ஆல் பாஸ்’ என்று பெயர்பெற்ற இந்த ஏற்பாடு, அன்றுமுதல் இன்றுவரை பொதுக்கல்வி பற்றிய எல்லா விவாதங்களிலும் முதல் குற்றவாளியாக நிறுத்தப்பட்டு வருகிறது. ஏழாம் வகுப்பு மாணவர் தம் பாடநூலை வாசிக்கத் திணறுகிறார் என்றாலும், பத்தாம் வகுப்பு மாணவருக்கு வகுத்தல் கணக்குத் தெரியவில்லை என்றாலும், காரணம் அந்த ஒரே பிரிவின்மேல் சுமத்தப்படுகிறது. இந்தக் குற்றச்சாட்டில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டுமானால், சட்டம் கேட்டது என்ன, பள்ளிகளில் நடந்தது என்ன என்னும் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

சட்டம் தேர்வுகளைத் தடைசெய்யவில்லை. பலரும் கவனிக்கத் தவறும் செய்தி இது. தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையும் பொதுத்தேர்வு எதிலும் தேர்ச்சி பெற வேண்டிய கட்டாயமில்லை என்று 30-ஆம் பிரிவு கூறுகிறதேயன்றி, குழந்தை என்ன கற்றது என்று பார்க்கக் கூடாது என எங்கும் கூறவில்லை. மாறாக, 29-ஆம் பிரிவு தொடர்ச்சியான முழுமையான மதிப்பீட்டை வலியுறுத்துகிறது. அதாவது, ஆண்டிறுதியில் ஒருமுறை அளந்து முத்திரை குத்துவதற்குப் பதிலாக, கற்பிக்கும்போதே குழந்தையின் புரிதலை அறிந்து கற்பித்தலைத் திருத்திக்கொள்ளும் முறையை அது எதிர்பார்க்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் கணித்துத் தேவையானால் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே, நிறுத்தி வைக்காமை என்பது தனித்து நிற்பதற்காக எழுதப்பட்ட விதி அன்று. மதிப்பீடு, கூடுதல் கற்பித்தல் ஆகியவற்றோடு சேர்ந்து இயங்கும்போது மட்டுமே அதற்குப் பொருள் உண்டு.

இந்த ஏற்பாட்டின் வலிமையை உணர, அது எதன் இடத்தில் வந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பழைய முறையில், தோல்வியுற்ற குழந்தை அதே வகுப்பில், அதே பாடநூலை, பெரும்பாலும் அதே ஆசிரியரிடம், அதே முறையில் இன்னும் ஓராண்டு படித்தது. முதல் ஆண்டில் ஏன் கற்கவில்லை என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை. தன்னைவிடச் சிறியவர்களோடு அமரவைக்கப்பட்ட பிள்ளை, தான் படிப்புக்கு லாயக்கில்லாதவன் என்ற முடிவுக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை. வறிய குடும்பத்தில் ஆண்பிள்ளையின் தோல்வி அவனை வேலைக்கு அனுப்புவதற்கும், பெண்பிள்ளையின் தோல்வி அவளை வீட்டோடு நிறுத்திக்கொள்வதற்கும் எளிதான காரணமாக அமைந்தது. கல்வித்துறை ஆவணங்களில் ‘இடைநிற்றல்’ என்று பதிவாகும் இந்த வெளியேற்றம், உண்மையில் பள்ளி தொடங்கிவைத்துக் குடும்பம் முடித்துவைத்த ஒன்றாகவே பெரிதும் இருந்தது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு இடம்பெயர்ந்து, ஆண்டில் சில மாதங்களை இழந்து திரும்பும் குழந்தையை ஆண்டிறுதித் தேர்வைக் காட்டி நிறுத்திவைப்பது, வறுமைக்குத் தண்டனை விதிப்பதேயாகும். எட்டாம் வகுப்பு வரை அந்த அச்சத்தை அகற்றியது சிறிய சாதனை அன்று.

நிறுத்தி வைத்தால் கற்றல் மேம்படும் என்னும் நம்பிக்கைக்கும் ஆய்வுகளின் துணை போதிய அளவு இல்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகள் 1996 முதல் மூன்று, ஆறு, எட்டாம் வகுப்புகளில் தேர்வு மதிப்பெண்ணை அடுத்த வகுப்புக்கான வாயிற்காவலாக வைத்தன. அதன் விளைவுகளைத் தொடர்ந்து ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்றாம் வகுப்பில் நிறுத்தப்பட்டோருக்கு நிலைத்த பயன் ஏதும் விளையவில்லை என்றும், ஆறாம் வகுப்பில் நிறுத்தப்பட்டோர் மேலும் பின்தங்கினர் என்றும் கண்டனர். இதற்கு மாறாக, மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் பின்தங்கியோரை நிறுத்திவைக்கும் சட்டத்தை 2002-இல் இயற்றிய புளோரிடா மாநிலத்தில், நிறுத்தப்பட்டோர் அடுத்த சில ஆண்டுகளில் முன்னேற்றம் காட்டியதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அங்கே அக்குழந்தைகளுக்குக் கோடைகால வாசிப்பு முகாம், நாள்தோறும் கூடுதல் வாசிப்பு நேரம், திறன்மிக்க ஆசிரியர் ஆகியவை சேர்த்தே வழங்கப்பட்டன. நிறுத்தியதால் வந்த பயன் எவ்வளவு, இந்த உதவிகளால் வந்த பயன் எவ்வளவு என்பதைப் பிரிப்பது அரிது. அந்த முன்னேற்றமும் ஆண்டுகள் செல்லச்செல்லத் தேய்ந்தது. இந்தியாவிலும், ஊரகப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பில் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயலவில்லை என்ற செய்தியைப் பிரதம் அமைப்பின் ‘அசர்’ ஆய்வுகள் கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே வெளியிட்டுவந்தன. சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அந்நிலை மேலும் சற்றுச் சரிந்தது என்பதும் உண்மையே. ஆயினும், நோயின் பெரும்பகுதி 16-ஆம் பிரிவுக்கு மூத்தது.

அப்படியானால் குறை எங்கே? சட்டத்தின் பிரிவுகளுள் செலவில்லாதது எதுவோ அது மட்டும் உடனே நிறைவேற்றப்பட்டது என்பதில்தான் குறை. எல்லாக் குழந்தைகளையும் அடுத்த வகுப்புக்கு அனுப்ப ஒரு சுற்றறிக்கை போதும். பின்தங்கிய குழந்தைக்குக் கூடுதலாகக் கற்பிக்கவோ ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், பயிற்சி வேண்டும். முதலாவது மறுநாளே நடந்தது. இரண்டாவது இன்றுவரை அரைகுறையாகவே நிற்கிறது.

மதிப்பீட்டின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். தமிழ்நாட்டில் 2012–13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு அறிமுகமானது. செயல்பாடுகளையும் சிறு தேர்வுகளையும் கொண்டு கற்றலின் போக்கிலேயே அளக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும், பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் வகுக்கப்பட்டன. புத்தகச் சுமையைக் குறைத்ததிலும், மனப்பாடத்துக்கு அப்பாலுள்ள திறன்களுக்கு இடமளித்ததிலும் இத்திட்டம் பாராட்டுக்குரியது. ஆனால் நடைமுறையில் வளரறி மதிப்பீடு என்பது, குழந்தையைப் பற்றி ஆசிரியர் அறிந்துகொள்ளும் வழியாக இருப்பதைவிட, மேலதிகாரியின் பார்வைக்குப் பதிவேட்டில் நிரப்பவேண்டிய கட்டங்களாக மாறியது. ஒப்படைப்புகளைக் கடையில் வாங்கிய படங்கள் நிறைத்தன. மதிப்பெண்கள் எவரையும் புண்படுத்தாத உயரத்தில் நிலைகொண்டன. யாரும் தோற்கப்போவதில்லை என்ற நிலையில், யார் கற்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசரமும் மறைந்தது. பழைய ஆண்டிறுதித் தேர்வு கொடியதாக இருந்தபோதிலும், ஒரு குழந்தை கற்கவில்லை என்ற உண்மையை அது ஆண்டுக்கு ஒருமுறையேனும் வெளியே சொன்னது. அதை அகற்றியவர்கள், அந்த உண்மையைச் சொல்ல வேறொரு குரலை ஏற்படுத்தவில்லை. இந்த நடைமுறையின் ஆகப்பெரிய பிழை இதுவே.

இதற்காக ஆசிரியரை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. முப்பது குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் தாளில் அழகாகவே தெரியும். ஆனால் அந்த இருவரும் ஐந்து வகுப்புகளை நடத்த வேண்டும் என்பது விகிதத்தில் தெரிவதில்லை. ஈராசிரியர் பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியர் மூன்று வகுப்புகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் அறிவியலும் கற்பிக்கிறார். தலைமையாசிரியராக இருப்பவர் அதோடு உணவுக் கணக்கையும், நலத்திட்டப் பொருள்களின் கணக்கையும், ‘எமிஸ்’ எனப்படும் கல்வித் தகவல் மேலாண்மை இணையதளத்தின் பதிவுகளையும் பார்க்கிறார். கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்ந்த பிற பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்று 27-ஆம் பிரிவு தடுத்தாலும், பள்ளியின் பெயரால் வரும் பதிவுப் பணிகள் ‘கல்வி சார்ந்தவை’ என்ற வாயில் வழியே உள்ளே நுழைந்துவிடுகின்றன. இந்நிலையில், பின்தங்கிய நான்கு குழந்தைகளுக்குத் தனியே அமர்ந்து எழுத்துக் கூட்டக் கற்பிக்கும் நேரத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்?

எட்டு ஆண்டுகள் மறைந்திருந்த குறை ஒன்பதாம் வகுப்பில் வெளிப்படுகிறது. சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. பள்ளியின் பெருமையை நிர்ணயிக்கும் பொதுத்தேர்வோ பத்தாம் வகுப்பில் காத்திருக்கிறது. இடைப்பட்ட ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்றும் வடிகட்டியாகிவிட்டதைக் கல்வித்துறையில் அறியாதவர் இல்லை. அதுவரை ஒருமுறையும் தோல்வி என்ற சொல்லைக் கேட்டிராத பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, எட்டு ஆண்டுகளின் பாக்கி ஒரே நாளில் வசூலிக்கப்படுகிறது. சிலர் நிறுத்தி வைக்கப்படுகின்றனர். சிலர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுமாறு பெற்றோர் வழியே அறிவுறுத்தப்படுகின்றனர். 2025-இல் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 விழுக்காடு, மகிழத்தக்க எண்தான். ஆனால் அது தேர்வு எழுதியவர்களைப் பற்றிய எண். தேர்வறை வரை வராமலே போனவர்களைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை.

ஒன்றிய அரசு கண்ட தீர்வு வேறு திசையில் சென்றது. அன்றைய அரியானா கல்வி அமைச்சர் கீதா புக்கல் தலைமையில் 2012-இல் அமைந்த குழு, நிறுத்தி வைத்தலைப் படிப்படியாக மீட்கப் பரிந்துரைத்தது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் ஆண்டிறுதித் தேர்வும், தோற்றவருக்குக் கூடுதல் கற்பித்தலோடு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வும் கட்டாயமாயின. அதிலும் தோற்றால் நிறுத்தலாமா என்பதை அந்தந்த அரசே முடிவுசெய்யலாம் என்றாயிற்று. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பொறுப்பிலுள்ள பள்ளிகளுக்கு நிறுத்திவைத்தலை விதியாக்கியது. தமிழ்நாட்டு அரசு 2019-இல் இவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வை அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. 2024-ஆம் ஆண்டின் விதியையும் ஏற்கவில்லை. அந்த மறுப்பு சரியானது. ஐந்தாண்டுகளில் வாசிக்கக் கற்பிக்கப்படாத குழந்தைக்கு இரண்டு மாதங்களில் கற்பித்துவிடலாம் என்று எதிர்பார்ப்பதும், அது நடவாதபோது குழந்தையையே நிறுத்திவைப்பதும், பொறுப்பைப் பெரியவர்களிடமிருந்து பத்து வயதுப் பிள்ளையிடம் மாற்றுவதாகும்.

இவ்விரு எல்லைகளுக்கும் இடையே வழியே இல்லை என்பதற்கில்லை. கேரளம் 2024–25 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் 30 விழுக்காடு குறைந்தபட்ச மதிப்பெண்ணை வரையறுத்து, அதை எட்டாதவர்களுக்கு விடுமுறைக் காலத்தில் தனி வகுப்பும் மறுதேர்வும் நடத்தியது. அதன்பின்னும் எட்டாதவரை நிறுத்தாமல் ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பி, உதவியைத் தொடர முடிவுசெய்தது. தமிழ்நாட்டுக்கும் சொந்த அனுபவம் உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலில், குழந்தை ஏணிப்படிபோல் அமைந்த அட்டைகளின் வழியே தன் வேகத்தில் முன்னேறியது; விடுப்பெடுத்துத் திரும்பிய பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடர முடிந்தது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், ஒரே வகுப்பில் உள்ளவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையால் பிரித்து, அவரவர் நிலையிலிருந்து கற்பிக்க முனைகிறது. குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்ட வகையில், சட்டம் 2010-இலேயே எதிர்பார்த்ததை இத்திட்டம் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் செய்யத் துணிந்தது. ஆயினும் செயலிவழி மதிப்பீடுகளின் சுமை கற்பித்தல் நேரத்தை அரிப்பதாக ஆசிரியர் அமைப்புகள் முறையிட்டுள்ளன. அம்முறையீட்டைப் புறந்தள்ளினால், வளரறி மதிப்பீட்டுக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேரும்.

நிறுத்தி வைக்காமை நீடிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கும் அது நீட்டிக்கப்பட வேண்டும். அதே நேரத்தில், தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஆசிரியர்களை ஒதுக்காமல், வகுப்புகளின் எண்ணிக்கையையும் கருத்தில்கொண்டு ஒதுக்க அரசு முன்வர வேண்டும். தன் பிள்ளையால் எதை வாசிக்க முடிகிறது, எந்தக் கணக்கைப் போட முடிகிறது என்பது மதிப்பெண்ணாக இல்லாமல் எளிய சொற்களில் பெற்றோருக்கு ஆண்டுதோறும் தெரிவிக்கப்பட வேண்டும். இதைக் கேட்பதற்கான இடத்தைச் சட்டமே தந்திருக்கிறது: 21-ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், மொத்த உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். கட்டடத்தையும் கழிப்பறையையும் பற்றிப் பேசும் அக்கூட்டங்களில், எங்கள் பள்ளியில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு இந்த மாதம் யார், எந்த நேரத்தில் கற்பிக்கிறார் என்று பெற்றோர் கேட்கத் தொடங்க வேண்டும்.