மூணு நாள் ரோமும் முந்நூறு பக்கப் புத்தகமும்

ரோம் நகருக்கு மூன்று நாள் பயணம். விசாவுக்கு மட்டுமே ஆளுக்கு 90 யூரோ. விமான டிக்கெட், ஓட்டல் வாடகை எல்லாம் கூட்டினால் நடுத்தரக் குடும்பத்தின் சில வருடச் சேமிப்பு காலி. இன்னொரு தடவை போவோமா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். இந்த நிலைமையில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து ஒரு கைடு புத்தகமும் வாங்க வேண்டுமா?

'அதான் செல்போன் இருக்கே சார்' என்பீர்கள். பாதி சரி.

நான் காமர்ஸ் படித்தவன். எதைப் பார்த்தாலும் பேலன்ஸ் ஷீட் போடுகிற வியாதி உண்டு. அந்தக் கணக்கில், கைடு புத்தகத்துக்கு இரண்டு வகைச் சொத்து. ஒன்று, சீக்கிரம் தேய்மானம் ஆவது. கட்டணம், திறக்கும் நேரம், பஸ் நம்பர் இத்யாதி. ரோமின் புராதனக் கோயிலான பாந்தியனுக்குள் 2023 ஜூன் வரை சும்மாவே போய் வரலாம். ஜூலையில் 5 யூரோ டிக்கெட் போட்டுவிட்டார்கள். 2022-ல் அச்சான புத்தகம் பாவம், இன்னமும் இலவசம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இந்த மாதிரி விவரத்துக்கெல்லாம் செல்போனே போதும்.

இன்னொன்று, தேயாத சொத்து. எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது? ஏன் முக்கியம்? எதை விட்டாலும் பரவாயில்லை?

ஓர் உதாரணம். பாந்தியனிலிருந்து ஐந்து நிமிட நடையில் சான் லூயிஜி தேய் ஃபிரான்சேஸி என்றொரு சர்ச். உள்ளே ஒரு மூலையில் கரவாஜியோ வரைந்த மூன்று ஓவியங்கள். நானூறு வருடங்களுக்கு முன்னால் வரைந்தவை. டிக்கெட் கிடையாது. பக்கத்திலேயே சான்ட் அகோஸ்தினோ சர்ச்சில் இன்னொன்று. சற்றுத் தள்ளி, சான்டா மரியா தெல் போபொலோவில் இரண்டு. ஆக மொத்தம் ஆறு கரவாஜியோ, காலணா செலவில்லாமல். கரவாஜியோ என்கிற பேரே தெரியாதவர் செல்போனில் என்னவென்று தேடுவார்? கேட்டதற்குத்தான் அது பதில் சொல்லும். என்ன கேட்கலாம் என்று சொல்லித்தரப் புத்தகம் வேண்டியிருக்கிறது.

அப்ப வாங்கிடலாமா? இருங்கள். பெரும்பாலான கைடுகள் இந்த நல்ல சொத்தை வைத்துக்கொண்டே பயணியைத் திண்டாட விடுகின்றன.

முதல் புகார், எல்லாவற்றையும் சொல்லும் ஆசை. சாப்பாடு, நடை, க்யூ போக மூன்று நாளில் உங்களுக்கு மிஞ்சுவது இருபது மணி நேரம்தான். வாடிகன் மியூசியம் அரை நாளை விழுங்கும். கொலோசியம், அதை ஒட்டிய ஃபோரம், பாலடைன் குன்று எல்லாம் சேர்ந்து இன்னொரு அரை நாள். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 'இதை விட்டுடுங்க' என்று சொல்லத் தைரியம் இல்லாத புத்தகம் வெறும் டெலிபோன் டைரக்டரி. மிஷ்லின் பச்சை அட்டை கைடு இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. மூன்று நட்சத்திரம் என்றால் அதற்காகவே ஊருக்குப் போகலாம். இரண்டு என்றால் வழியை மாற்றிப் போய்ப் பார்க்கலாம். ஒன்று என்றால் பார்க்கத் தக்கது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், ரோமில் மூன்று நட்சத்திர இடங்களே கொட்டிக் கிடக்கின்றன.

இரண்டாவது புகார், கிழமை. வாடிகன் மியூசியத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், கூட்டம் அம்மும். போர்கேஸே கேலரிக்குத் திங்கள் விடுமுறை. மற்ற நாள்களிலும் முன்பதிவு செய்துகொண்டுதான் போகவேண்டும், இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிட வேண்டும். போப் சதுக்கத்தில் மக்களைச் சந்திக்கிற புதன்கிழமைக் காலையில், செயின்ட் பீட்டர்ஸ் ஆலயத்துக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழைய முடியாது. சனி, ஞாயிறு, திங்கள் என்று திட்டம் போட்டவர் கதி என்ன ஆகும்? ஞாயிறு வாடிகன் மியூசியம் இல்லை, திங்கள் போர்கேஸே இல்லை; இரண்டும் சேர்ந்து திறந்திருப்பது சனிக்கிழமை மட்டும்தான். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் கட்டம் கட்டிப் போட வேண்டிய சமாசாரம் இது. கைடுகளிலோ அந்தந்த இடத்தின் வர்ணனை எல்லாம் முடிந்த பிறகு, பொடி எழுத்தில் ஓரமாகக் கிடக்கும்.

மூன்றாவது, அடுக்கியிருக்கும் விதம். சர்ச் தனி, மியூசியம் தனி, சாப்பாடு தனி என்று அத்தியாயம் பிரிப்பது எழுதுகிறவருக்கு சௌகரியம். நடக்கிறவருக்கு வேண்டியது, பேட்டை வாரியாகப் பிரித்த புத்தகம்.

ஆகவே, கடையில் புரட்டும்போது மூன்றே மூன்று விஷயம் பாருங்கள். விடுமுறை நாள்கள் ஒரே இடத்தில் இருக்கின்றனவா? பேட்டை வாரியாகப் பிரித்திருக்கிறார்களா? எதையாவது வேண்டாம் என்று சொல்கிறார்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், போன வருடப் பதிப்பானாலும் தைரியமாக வாங்கலாம். இல்லையென்றால் அந்தக் காசுக்கு ரோமில் நாலு ஐஸ்க்ரீம் சாப்பிடுங்கள்.

வாங்கியதை டிக்கெட் போடுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து படித்துவிடுங்கள். எந்தக் கிழமை போய் இறங்குவது என்று தீர்மானிக்கும்போதுதான் அதற்கு முழு மதிப்பு. நாளுக்கு இரண்டு பெரிய இடம், ஒரு சின்ன இடம் என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, புத்தகத்தை ஓட்டல் அறையிலேயே விட்டுவிடலாம். சிஸ்டைன் சேப்பல் கூரையை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை அண்ணாந்து பார்த்தபடி வரைந்தார். அத்தனை செலவழித்துப் போய், அதன் கீழே நின்று குனிந்து படித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை.