அருள்மொழி எப்போது யோசித்தார்?

பொன்னியின் செல்வனை இந்த முறை ஒரே ஒரு விஷயத்துக்காகப் புரட்டினேன்: பெரிய முடிவு எடுக்கும் முன் யாரெல்லாம் நின்று யோசிக்கிறார்கள்?

முதலில் ஆதித்த கரிகாலன். கடம்பூருக்குப் போனால் ஆபத்து என்று அவனுக்குத் தெரியும். தாத்தா மலையமான் தடுத்துப் பார்க்கிறார். ஆனாலும் நந்தினி கெஞ்சக் கெஞ்ச வீரபாண்டியனை வெட்டிய நாள் அவனை விடுவதில்லை. பார்த்திபேந்திரனிடம் அதைக் கொட்டித் தீர்க்கும் இடம்தான் எனக்கு நாவலின் உச்சம். அவன் யோசிப்பது தப்பிக்க இல்லை, போவதற்குத் தன்னைத் தயார் செய்துகொள்ள. கல்கி இங்கே அவசரமே படவில்லை; வாராவாரம் வந்த தொடர்கதையில் அது சின்ன விஷயமில்லை.

அருள்மொழி கதை வேறு. முடிசூட்டு விழாவில் மகுடத்தை வாங்கிச் சித்தப்பா தலையில் வைத்துவிடுகிறார். கரிகாலனுக்குள் இறங்கிய அளவுக்குக் கல்கி இவருக்குள் இறங்குவதில்லை. ஆசை, பயம், கோபம் எதுவும் இல்லாமலா ஒரு இளவரசன் சோழ நாட்டை விட்டுக் கொடுப்பான்?

இதற்கு வேர் நாவலுக்கு வெளியே இருக்கிறது. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, குடிமக்கள் வேண்டியும் அருள்மொழி, சித்தப்பா விரும்பும்வரை ஆட்சியை மனதாலும் நினைக்கவில்லை என்கிறது. கவனிங்க, 'மனதாலும்'! அரண்மனைச் சாசனம் ஒருவரின் உள்மனதுக்கே சான்றிதழ் கொடுக்கிறது, அதுவும் அவர் மகன் ஆட்சியில்.

எதிர்ப்பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் பெயர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலப் பறிமுதலும் அதில் வருகின்றன. நடுவில் உத்தம சோழர் சுமார் 15 வருஷம் ஆண்டிருக்கிறார். நீலகண்ட சாஸ்திரி உத்தமர் மேலேயே சந்தேகப்பட்டார். அதை மறுத்தவர்களும் உண்டு. அந்தச் சந்தேகத்தில் பாதி உண்மை என்றாலும், அருள்மொழி விலகியது தியாகமா, வேறு வழியில்லாமலா என்ற கேள்வி வந்துவிடும்.

கல்கி செப்பேட்டின் பக்கம் நின்றார். உத்தமரையும் நல்லவராக்க, சேந்தன் அமுதன்தான் நிஜ மதுராந்தகன் என்று ஆள் மாற்றம் செய்தார். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கலை. ஆனால் அண்ணன் கொலையான பிறகு, அடுத்த பலி தானா என்று தம்பி விழித்திருக்கும் ஒரு ராத்திரியை எழுதியிருக்கலாம். கரிகாலனுக்கு எழுதத் தெரிந்த கைக்கு அது முடியாத காரியமில்லை.