மின் மூன்று கட்டம், மீன் இரண்டு கட்டம்

லினக்ஸ் டெர்மினலில் முதல்முறை கடவுச்சொல் கேட்கப்படும்போது எல்லோருக்கும் ஒரு சின்னப் பதற்றம் வரும். விசையைத் தட்டுகிறோம், திரையில் எதுவும் விழுவதில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. கீபோர்டு போயிடுச்சா, சிஸ்டம் தொங்கிடுச்சா என்று மறுபடி தட்டிப் பார்ப்போம். பழகிய பிறகு அந்த மௌனத்தை மறந்துவிடுகிறோம். டெர்மினல் என்ற வடிவத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை.

நாம் தட்டும் எழுத்து நேராகத் திரைக்குப் போவதில்லை. அது கணினிக்குப் போகிறது; கணினி அதைத் திருப்பி அனுப்புகிறது; திரும்பி வந்ததைத்தான் நாம் பார்க்கிறோம். கடவுச்சொல் கேட்கும் நிரல் அந்த எதிரொலியை நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். நீங்களும் செய்து பார்க்கலாம். 'எஸ்டிடிஒய்' என்று தட்டி, ஒரு கழித்தல் குறியோடு 'எக்கோ' என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு தட்டுவது எதுவும் தெரியாது, ஆனால் கட்டளைகள் வேலை செய்யும். கழித்தல் குறி இல்லாமல் அதையே குருட்டாம்போக்கில் தட்டினால் எழுத்து திரும்பி வரும்.

எஸ்டிடிஒய் என்ற பெயரில் உள்ள டிடிஒய், டெலிடைப் என்பதன் சுருக்கம். 1963இல் வந்த டெலிடைப் 33 காகிதச் சுருளில் அடிக்கும் இயந்திரம். நொடிக்கு 10 எழுத்து, வரிக்கு 72 எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டும். இந்த மாதிரி இயந்திரங்களின் முன்னால் உட்கார்ந்துதான் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை எழுதினார்கள். இன்று உங்கள் லேப்டாப்பில் எஸ்டிடிஒய் கட்டளைக்கு எல்லா அமைப்புகளையும் காட்டச் சொன்னால், முதல் வரியிலேயே 38400 பாட் என்று ஒரு வேகத்தைச் சொல்லும். எந்தக் கம்பிக்கான வேகம்? அங்கே கம்பியே கிடையாது. இல்லாத கம்பியின் வேகத்தை இன்னமும் நேர்மையாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறது.

டெர்மினல் என்று நாம் திறக்கும் ஜன்னல் முழுக்கவே இப்படி ஒரு நடிப்பு. அது நடிக்கும் பாத்திரம் பெரும்பாலும் டிஈசி நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100. அந்தத் திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. அந்த 80 ஐபிஎம்மின் 1928ஆம் ஆண்டுத் துளை அட்டையிலிருந்து வந்தது. அட்டை போனது, திரை வந்தது, திரைக்குள் ஜன்னல் வந்தது. 80 மட்டும் போகவில்லை.

இப்போது நிறத்துக்கு வருவோம். எழுத்தைச் சிவப்பாக்க 'டிபுட்' என்ற கட்டளை இருக்கிறது. 'செட்டெர்ம்' என்று இன்னொன்று. அது நிறத்தை மாற்றும், கர்சரை மறைக்கும், சும்மா கிடந்தால் திரையை இருட்டாக்கும். திரையின் அமைப்பை எங்கோ உள்ளே போய் மாற்றுகின்றன என்று நினைப்போம். உண்மையில் இரண்டும் செய்வது ஒரே வேலை: ஒரு சரத்தை எழுதுகின்றன. டிபுட்டின் வெளியீட்டைத் திரைக்குப் பதிலாக ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டுத் திறந்து பாருங்கள். எஸ்கேப் குறி, ஒரு சதுர அடைப்பு, 31 என்ற எண், 'எம்' என்ற எழுத்து. சிவப்பு என்பது அவ்வளவுதான். திரையில் விழ வேண்டிய சொற்கள் வரும் அதே ஓடையில் இந்தக் குறிப்பும் கலந்து வருகிறது.

நாடகப் பிரதி படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வசனத்துக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் 'கோபமாக' என்று இருக்கும். நடிகர் அதை வாசிக்க மாட்டார், கோபப்படுவார். டெர்மினலும் அப்படித்தான். அதன் விபத்துகளும் அப்படிப்பட்டவையே. ஒரு படக் கோப்பையோ நிரல் கோப்பையோ தெரியாமல் திரையில் கொட்டிவிட்டால், அதில் தற்செயலாகக் கிடக்கும் பைட்டுகளை டெர்மினல் மேடைக் குறிப்பு என்று எடுத்துக்கொள்ளும். திடீரென்று எழுத்தெல்லாம் கோடும் மூலையுமாக மாறிவிடும். அப்போது 'ரீசெட்' என்று தட்டி அதற்குப் புத்தி தெளிய வைக்க வேண்டும்.

இந்த மரபில் நான் மிகவும் மதிக்கும் பகுதி ஒன்று உண்டு. எழுபதுகளில் டெர்மினல் விற்ற ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறிப்பு மொழி வைத்திருந்தது. விஐ எடிட்டரை எழுதிய பில் ஜாய், பெர்க்லியில் 1978இல் இதற்கு ஓர் அகராதி செய்தார்: டெர்ம்கேப். பிறகு அதன் இடத்துக்கு டெர்மின்ஃபோ வந்தது. எந்த டெர்மினல், அதனால் என்ன முடியும், எப்படிச் சொன்னால் அதற்குப் புரியும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு. டிபுட் இந்த அகராதியைப் பார்த்துவிட்டுத்தான் பேசும். உனக்கு எத்தனை நிறம் தெரியும் என்று கேட்டால் 8 என்றோ 256 என்றோ பதில் வரும். எதிரில் இருப்பவர் யார் என்று தெரிந்துகொண்டு பேசுவது ஒரு மரியாதை. மென்பொருளில் அந்த மரியாதைக்கு வடிவம் கொடுத்தவர்கள் இவர்கள். இன்று பல நிரல்கள் கேட்பதே இல்லை, நேராகச் சிவப்பைக் கொட்டுகின்றன. 'எனக்கு நிறம் வேண்டாம்' என்று ஒரே இடத்தில் சொல்லிவைக்க ஒரு பொது வழக்கம் 2017இல் தனியாக முன்மொழியப்பட வேண்டியிருந்தது.

டெர்மினலைப் பற்றிய இலக்கியப் பார்வை என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது, நாவலாசிரியர் நீல் ஸ்டீவன்சன் 1999இல் எழுதிய 'இன் த பிகினிங் வாஸ் த கமாண்ட் லைன்' என்ற நீண்ட கட்டுரை. ஜன்னலும் ஐகானும் நமக்கும் கணினிக்கும் நடுவே அடுக்கப்பட்ட உருவகங்கள், கட்டளை வரியோ சொல்லை நம்பும் இடம் என்பது அதன் சாரம். எச். ஜி. வெல்ஸின் கதையில் வரும் ஈலாய், மார்லாக் என்ற இரண்டு இனங்களை வைத்து, மேலே சொகுசாக இருப்பவர்களையும் கீழே இயந்திரத்தை ஓட்டுபவர்களையும் பிரித்துக் காட்டுவார். படிக்கச் சுவையான கட்டுரை, இன்னும் படிக்கலாம். டெலிடைப்பில் வேலை செய்த தன் பள்ளிக் காலத்தையும் அதில் எழுதியிருக்கிறார்.

ஆனால் அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஐகான் உருவகம் என்றால், காகிதச் சுருளாக நடிக்கும் திரை மட்டும் என்ன? வரி, நெடுவரிசை, கட்டம் எல்லாமே ஒரு பழைய இயந்திரத்தின் உருவகங்கள்தானே? கட்டளை வரி உருவகமற்ற இடம் என்று தோன்றுவது அந்தக் கட்டத்துக்குள் சரியாகப் பொருந்தும் எழுத்துக்காரர்களுக்குத்தான். தமிழ் எழுத்தோடு உள்ளே போனால் உருவகம் உடனே கண்ணில் குத்தும்.

டெர்மினலில் ஒவ்வொரு குறியும் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று முன்பே தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கர்சர் எங்கே நிற்கிறது என்று நிரலுக்குத் தெரியாது. பரவலாகப் புழங்கும் கணக்கு இது: சாதாரண எழுத்துக்கு 1, சீன எழுத்து மாதிரி அகலமானவற்றுக்கு 2, மேலே ஒட்டிக்கொள்ளும் குறிகளுக்கு 0. தமிழில் புள்ளிக்கு 0. சரி, நியாயம். துணைக்குறிகளில் இகரக் கொம்பை 'இடம் பிடிக்கும் குறி' என்று யூனிகோட் வகைப்படுத்தியிருக்கிறது. ஈகாரக் கொம்பை 'இடம் பிடிக்காத குறி' என்று. விளைவு, 'மி' இரண்டு கட்டம், 'மீ' ஒரே கட்டம். 'மின்' மூன்று கட்டம், 'மீன்' இரண்டு கட்டம்.

யாப்பு கொஞ்சம் படித்தவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தோம். டெர்மினல் அதை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கிறது. சதி ஒன்றும் இல்லை. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்று பிறந்த அமைப்புக்குள், எழுத்து என்றால் என்ன என்பதையே வேறு மாதிரி வைத்திருக்கும் மொழி வந்தால் இப்படித்தான் ஆகும். 'கொ'வைப் பாருங்கள். கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால். இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாக அடித்துக்கொண்டு போகும் இயந்திரத்துக்கு இது விளங்காது. யூடிஎஃப்-8 எழுத்துகளை முழுசாக அழிக்க எஸ்டிடிஒய்யில் ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டாலும் 'மி'யை அழிக்கும்போது இகரம்தான் போகும், மகரம் அப்படியே நிற்கும்.

ஜன்னலே இல்லாத பழைய விஜிஏ எழுத்துத் திரையில் இன்னொரு பேரம் நடந்தது. அதில் ஒரே நேரத்தில் 256 எழுத்துருவங்கள்தான் இருக்க முடியும். அதை 512 ஆக்கலாம், ஆனால் அதற்கான ஒரு பிட்டை நிறத்திலிருந்து எடுக்க வேண்டும். எழுத்தின் நிறங்கள் 16இலிருந்து 8 ஆகிவிடும். நம் 247 எழுத்து எண்ணிக்கைப்படி 512க்குள் அடங்கிவிடும்தான். ஆனால் எல்லாம் ஒரே அகலக் கட்டம். 'ஐ'யையும் 'ணௌ'வையும் அதில் எப்படித் திணிப்பது?

'டெர்மினல்ல யாரு சார் தமிழ் எழுதறாங்க?' என்று கேட்கலாம். தமிழ் மின்னூல்களை ஒழுங்குபடுத்துபவர்கள், ஆயிரம் கோப்புகளில் ஒரு சொல்லைத் தேடுபவர்கள், மொழித் தரவு சேர்ப்பவர்கள் எல்லோரும் கடைசியில் இந்தக் கறுப்புத் திரைக்குத்தான் வருகிறார்கள். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால், பட்டியலின் நெடுவரிசை கோணிக்கொள்கிறது. கிட் அந்தப் பெயரை இயல்பாகவே எண்களாக உடைத்துக் காட்டுகிறது. அதற்காவது மாற்ற ஓர் அமைப்பு இருக்கிறது. கட்டத்தின் அகலத்துக்கு அப்படி ஒரு கட்டளை இல்லை. எதிரொலி, நிறம், கர்சர், இருட்டு எல்லாவற்றையும் மாற்றலாம், ஏனென்றால் வேறு மாதிரி வேண்டும் என்று யாராவது கேட்பார்கள் என்பதை உருவாக்கியவர்கள் எதிர்பார்த்தார்கள். கட்டம் வேறு மாதிரி வேண்டும் என்று கேட்கும் ஆள் அவர்கள் கற்பனையில் இல்லை.

தீர்வுக்கான விதை அந்த மரபுக்குள்ளேயே கிடக்கிறது. எஸ்கேப், சதுர அடைப்பு, 6, 'என்' என்று அனுப்பினால், கர்சர் இப்போது எங்கே நிற்கிறது என்று டெர்மினல் பதில் சொல்லும். விடி100 காலத்திலிருந்தே இருக்கும் கேள்வி. 'மி' என்று அடித்துவிட்டு இதைக் கேட்டால், 'மி' உனக்கு எத்தனை கட்டம் என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நகராது, அது வேறு விஷயம். சில புதிய டெர்மினல்கள் உயிர்மெய்யை முழு எழுத்தாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் டெர்மினல் மட்டும் திருந்தினால் போதாது. அதற்குள் ஓடும் நிரலும் அதே கணக்கைப் போட வேண்டும். டெர்மின்ஃபோ நிறத்துக்குச் செய்த அந்த மரியாதையை எழுத்துக்கும் செய்ய வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதுவரை மின்னுக்கு மூன்று, மீனுக்கு இரண்டு.